சுவரில் மாட்டிய பாட்டுப் பெட்டி

அம்மா செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல் ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வரிக்கு மேல் கை ஓடவில்லை. சுகத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். தலைப்பிரசவத்துக்கு மலாக்காவுக்கு வரவில்லை, சிரம்பானிலேயே மாமியார் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அடுத்த வரியில், பரிசத்தன்று வெளியே வந்து முகம் காட்டவே மனமில்லாத அம்மாவுக்கு நான் எதற்குப் பாரமாக வந்து படுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். இந்த வரியையும் வாசித்தேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டாள். "அவங்க வீட்டுல நல்லாத்தான் பாத்துக்குவாங்க" என்றாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பேச வேண்டியவன் நான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று உன் அம்மா யாருக்கும் முகம் கொடுக்காமல் ஒளிந்துகொள்ளவில்லை. உன் கல்யாணத்தில் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அவளை வெளியே வரவிடாமல் செய்தவன் நான். இதை எழுதும்போதே காது சுடுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ தடவை சிரம்பானுக்கு வந்து, உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, உன் ரேடியோவின் கரகரப்பைச் சரிசெய்து கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, இதை மட்டும் பேசாமல் பஸ் ஏறியிருக்கிறேன். அப்பா வந்தால் கலகலப்பாக இருக்கிறது என்று நீ சொல்வாய். வாயைத் திறந்தால் இது வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அவ்வளவு பேசினேன்.

உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியாததில்லை. ரேடியோக் கடையில் பழுது பார்க்கிற வேலை. கெட்டிக்காரன் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உச்சி குளிர்ந்துவிடும், கால் தரையில் நிற்காது. நாட்டுக்கு விடுதலை, மெர்டேக்கா என்று அறிவித்த காலையில் நம் வீட்டு ஜன்னலில் ரேடியோவை வைத்துக் கம்பத்து ஊராருக்கெல்லாம் கேட்கும்படி போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ முன்னால் நின்று கைதட்டினாய். அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடியிருந்தார்கள். சரியான நேரத்தில் கொரகொரவென்று இரைச்சல் வந்து, பிறகு நின்று, குரல் தெளிவாகக் கேட்டது. அது எப்படித் தெளிந்தது என்று நீ கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. பின்பக்கம் கழியில் கட்டியிருந்த ஏரியல் கம்பி அவிழ்ந்துபோய்விட்டது. உன் அம்மாவைக் கிணற்றடி முக்காலியில் ஏற்றி, கம்பியைக் கையில் கொடுத்து, அசையாமல் பிடி என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடிவந்துவிட்டேன். கோஷம் எல்லாம் முடிந்து, ஆட்கள் என் முதுகில் தட்டிக்கொடுத்துக் கலைந்த பிறகுதான் அவள் ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் தூக்கிய கையோடு நிற்கிறாள். "கெடச்சிருச்சாங்க?" என்று கேட்டாள். கிடைத்துவிட்டது, இறங்கு என்றேன். அன்று அதை ஒரு வேடிக்கையாகத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மெர்டேக்கா கிடைத்த சூட்டில் எல்லாருக்கும் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று ஓர் அரிப்பு இருந்தது. எனக்கு அது பாட்டுப் பெட்டியாக வந்தது. எங்கள் கடைக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் ஒன்று கொண்டுவந்து இறக்கினார்கள். அலமாரி உயரம், உள்ளே வண்ண விளக்கு. பொத்தானை அமுக்கினால் ஒரு கை நீண்டு இசைத்தட்டை எடுத்து வைக்கும், பாட்டு வரும். அது ஒருநாள் அடைத்துக்கொண்டபோது காப்பிக் கடை முதலாளி, சீனத் தவுக்கே, என்னைக் கூப்பிட்டார். திறந்து பார்த்தேன், சரிசெய்தேன். சரிசெய்த கையோடு, இது என்ன பெரிய வித்தை, இதைவிட நன்றாக நானே செய்வேன் என்று அந்த இடத்திலேயே வாயை விட்டேன். அதுவும் அலமாரி மாதிரி இல்லை, படச்சட்டம் மாதிரி சுவரில் மாட்டுவேன், நாலு விரல் கனம்தான் இருக்கும், பொத்தான்கூடக் கிடையாது, கண்ணாடியில் பாட்டின் பெயரைத் தொட்டால் போதும் என்றேன். தவுக்கே சிரித்தார். அவர் சிரித்த சிரிப்புக்காகவே செய்தாக வேண்டியதாகிவிட்டது.

அதே சமயத்தில்தான் உனக்கு வரன் வந்தது. நீ ரப்பர் தோட்டப் பள்ளியில் வாத்தியாராகி, அங்கேயே குவாட்டர்ஸில் தங்கியிருந்தாய். மாப்பிள்ளை வீடு அப்போது நமக்கு இரண்டு சந்து தள்ளி, அவர்கள் சிரம்பானுக்குக் குடிபோனது கல்யாணத்துக்குப் பிறகுதான். மலாக்காச் செட்டிகள், நம்மைப் போலவே சாமி கும்பிடுகிறவர்கள், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். மாப்பிள்ளையின் தாயார் உன்னைக் கோயிலில் பார்த்துவிட்டுக் கேட்டு அனுப்பினார். உன் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்த வீட்டுல எம்புள்ள யாருகிட்ட தமிழ்ல பேசும்?" நீ அந்த வார லீவில் வந்திருந்தாய், அதைக் கேட்டுவிட்டாய். உனக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. ஆனால் நீ திரும்பிப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உன் அம்மா மீன் பாசாரில் சம்பந்தியம்மாவைச் சந்தித்து, இரண்டு பேரும் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "அந்தம்மா மலாய்ல பேசினாலும் நம்ம ஆளுதாங்க" என்றாள். அதோடு அவள் மனதில் இருந்த அந்த ஒரு கவலையும் போய்விட்டது. இதையாவது நான் உனக்கு அப்போதே எழுதியிருக்கலாம். எனக்குப் பெட்டி வேலை தலைக்கு மேல் இருந்தது.

பெட்டியின் வெளிப்புறம் அழகாகத்தான் வந்தது. தேக்குச் சட்டம், வார்னிஷ், முகப்பில் ஆறு கண்ணாடிப் பட்டைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பாட்டின் பெயர், ஒரு சின்ன விளக்கு. விரலால் லேசாகத் தொட்டால் பட்டை உள்வாங்கி மின்சாரம் சேரும், பெயர் வெளிச்சமாகும். அதுவரை யார் செய்தாலும் பெருமைப்படலாம். தட்டை எடுத்து வைக்கிற கைதான் எனக்கு வரவில்லை. பழைய தையல் மெஷின் மோட்டார், சைக்கிள் சங்கிலி, எதை எதையோ பூட்டிப் பார்த்தேன். தட்டை எடுக்கும், பாதியில் கீழே போடும். உடைந்த தட்டுகளை உன் அம்மா கூட்டி அள்ளுவாள். நாலு விரல் கனத்துக்குள் அவ்வளவையும் அடைக்க முடியாது என்பதுகூட எனக்குப் பிறகுதான் புரிந்தது. கடைசியில் பெட்டிக்குள் ஒலிபெருக்கியை மட்டும் வைத்துவிட்டு, மற்றதை எல்லாம் பலகைச் சுவருக்குப் பின்னால் இருந்த ஸ்டோருக்குள் கொண்டுபோனேன். அரிசி டின்னும் கரி மூட்டையும் கிடக்கிற அந்த ஜன்னலில்லாத அறைதான். அங்கேயும் கை வேலை செய்யவில்லை. இதற்குள் பரிசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம், எங்கள் வீட்டுக்கு வாருங்கள், இந்த நாட்டிலேயே இல்லாத ஒன்றைக் காட்டுகிறேன் என்று சொல்லியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் நான் ஸ்டோரில் கிராமபோனைக் குடைந்துகொண்டிருந்தேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்கத் தட்டு வேண்டும் என்று திரும்பாமலே கையை நீட்டினேன். வேண்டிய தட்டை எடுத்துக் கையில் வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை மாதம் நான் இரும்பில் செய்யப் பார்த்த கை எனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று தோன்றியது. அதை ஒரு கண்டுபிடிப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன், செல்வி. அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் தட்டுகளில் வண்ணப் பொட்டு வைத்தேன். ஸ்டோருக்குள் ஆறு விளக்குகளை வரிசையாக மாட்டி, அதே வண்ணக் கண்ணாடித்தாளை ஒட்டினேன். முன்னால் ஒருவர் கண்ணாடியைத் தொட்டால் பின்னால் சிவப்போ பச்சையோ நீலமோ எரியும். அவள் அந்தப் பொட்டு வைத்த தட்டை எடுத்து வைத்து முள்ளை இறக்க வேண்டும். அவ்வளவுதான் என் வித்தை. இந்தக் காலத்துப் பையன்கள் இதற்கு ஏதாவது ஓர் இங்கிலீஷ் பெயர் சொல்வார்களோ என்னவோ, எனக்குத் தெரிந்த பெயர் ஏமாற்று.

"எவ்வளவு நேரங்க உள்ள இருக்கணும்?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம்தான், அவர்கள் வந்து உட்கார்ந்ததும் நாலு பாட்டு, பரிசம் ஆரம்பிக்கிறபோது நான் ஸ்விட்சை அணைத்துவிடுவேன், நீ வெளியே வந்துவிடலாம் என்றேன். "வெத்தல வாங்க நான் வந்துரணுங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றாள். சரி என்றேன். சத்தியமாக அப்போது அதைச் செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

நீ பரிசத்துக்கு முதல் நாள்தான் வந்தாய். பெட்டியைப் பார்த்ததும் உன் கண் விரிந்தது. ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுங்கள் அப்பா என்று கெஞ்சினாய். வால்வுகள் ஓய்வெடுக்க வேண்டும், நாளைக்குத்தான் என்றேன். உன்னிடமே பொய் சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறுத்தவில்லை. நாளைக்கு உன் முகத்தில் வரப்போகிற ஆச்சரியத்தை நினைத்துத் துள்ளிக்கொண்டிருந்தேன். உன் அம்மா உன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் தன் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, உன்னை அலங்கரிக்கிற அறைக்கு வருவதற்குள் வாசலில் உன் வாத்தியார்களின் காடி வந்து நின்றது, பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். வந்துவிட்டார்கள், வந்துவிட்டார்கள், ஓடு என்று அவளை ஸ்டோருக்குள் தள்ளாத குறையாக அனுப்பினேன். அதனால் உன்னைப் பரிசப் புடவையில் அவள் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததில் பாதி நீ பார்த்தாய். மாப்பிள்ளையின் பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டியின் நாலு ஓரத்தையும் உற்றுப் பார்த்தார். தொட்டார். பெயர் வெளிச்சமானது. கொஞ்சம் தாமதித்துப் பாட்டு வந்தது. அந்தத் தாமதத்துக்கு நான் வால்வு சூடேறுகிறது என்று விளக்கம் சொன்னேன். உன் பள்ளி வாத்தியார்கள் கைதட்டினார்கள். இது லண்டன் சாமான் இல்லை, நம் ஊர்க் காஜா பேராங் சாமான் என்று நான் சொன்னதும் அந்தப் பெரியவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைப் பெற்றவர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஸ்விட்சை அணைக்கும் நேரம் வந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பரிசத்தின்போதே மெல்லிசாக ஒரு பாட்டு ஓடட்டும், மேளத்துக்குப் பதிலாக இருக்கும் என்றார் பெரியவர். நான் ஆகட்டும் என்றேன்.

சம்பந்தியம்மா கெபாயாச் சட்டை உடுத்தி, வெள்ளி வெற்றிலைப் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தி எழுந்து நின்றார். அவர்கள் குடும்பத்தில் அந்தப் பெட்டியைப் பெண்ணைப் பெற்றவள் கையில்தான் கொடுப்பார்கள். சுற்றிலும் பார்த்தார். "மாக் டியா மானா?" என்று என்னைக் கேட்டார். அவள் அம்மா எங்கே என்றுதான் கேட்டார், அதில் புரியாதது ஒன்றுமில்லை. அடுப்படியில் வேலையாக இருக்கிறாள் என்று மலாயில் சொன்னேன். அவர் பெட்டியை ஏந்தியபடியே காத்திருந்தார். பலகைச் சுவர்தானே, அந்தக் கேள்வி உள்ளே கேட்டிருக்கிறது. உன் அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போயிருக்கிறாள். அந்த நேரத்தில் யாரோ பாட்டுப் பெட்டியைத் தொட்டுவிட்டார்கள். ஸ்டோரில் நீல விளக்கு எரிந்தது. "தட்டு வெக்கலைன்னா உங்க மானம் போயிருமேன்னு திரும்பி உக்காந்துட்டேங்க" என்று அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள். முன்னால் உன் அத்தை, என் அக்காதான், எதற்கும் முன்னால் நிற்கிறவள், கையை நீட்டி வெற்றிலைப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். சம்பந்தியம்மாவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். உன் முகம் வாடியதையும் பார்த்தேன்.

இன்னொரு பொய்யும் உண்டு. அடுப்படியில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் உன் அம்மாவைத் தேடியபோது, தலைசுற்றல், படுத்திருக்கிறாள் என்று சொல்லியிருந்தேன். நீ அங்கே போய்க் கேட்டாய். படுத்திருக்கிறாள் என்றார்கள். அறையில் போய்ப் பார்த்தாய், ஆள் இல்லை. கூடத்தில் சொன்னதும் அடுப்படியில் சொன்னதும் ஒட்டவில்லை. வீட்டைவிட்டே எங்கோ போய் உட்கார்ந்திருக்கிறாள், அந்த வீட்டில் தமிழ் பேச ஆளில்லை என்று சொன்னவள்தானே என்று நீ முடிவு கட்டியதில் என்ன தப்பு? நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வாத்தியார்கள் வந்த காடியிலேயே ஏறித் தோட்டத்துக்குப் போய்விட்டாய். கடைசி விருந்தாளியும் போன பிறகு நான் ஸ்டோர் கதவைத் திறந்தேன். புடவை வியர்வையில் நனைந்து, ஓரமெல்லாம் கரி. தலைப்பூ வாடித் தொங்கியது. "புள்ள எங்க?" என்றாள். போய்விட்டது என்றேன். வாடிய பூவை எடுத்துப் போட்டுக்கொண்டே, "இத நீங்கதான் அதுகிட்ட சொல்லணும். நான் சொன்னா உங்கள காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிரும்" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. கோயிலில் உன் கல்யாணம் நடந்தபோது அவள் பக்கத்திலேயே நின்றாள். நீ குனிந்து அவள் காலைத் தொட்டாய், நிமிரும்போது முகத்தைப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா மரியாதைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். அதற்கு முதல் நாள்வரை "சொல்லிட்டீங்களா?" என்று உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பெட்டியைப் பற்றி விசாரிக்கிறவர்களிடம் லண்டனிலிருந்து ஒரு வால்வு வர வேண்டும் என்று சொல்லி வருகிறேன். காஜா பேராங் சாமானுக்கு லண்டன் வால்வு. கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். கண்ணாடி முன் நின்று முகம் சவரம் செய்யும்போது எனக்கே என்னைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், எடுத்துக்கொள். உன் வீட்டில் ஏதாவது ஒன்று தன்னால் நடக்கிறது என்று தோன்றினால், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து போய் அது யாரால் நடக்கிறது என்று பார். மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனால் நாலு பேர் கைதட்டுகிற இடத்தில் தங்கமானவனுக்கும் கண் மறைத்துவிடும். அப்படி ஒரு நாள் வந்தால், அவர் மானம் போகட்டும் என்று நீ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடு. போன மானம் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். உன் அம்மா அன்று வெளியே வந்திருந்தால், என்னைப் பார்த்து ஊரே சிரித்திருக்கும், நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன், நீ இந்நேரம் இங்கே படுத்துக்கொண்டு மாங்காய் கேட்டுக்கொண்டிருப்பாய். பிள்ளை பிறந்து வளரும்போது, நீ சமைத்ததை நன்றாக இருக்கிறது என்று அது சொன்னால், சாமான் வாங்கி வந்தது பாட்டி என்றோ அப்பா என்றோ சொல்லிக்கொடு. சின்ன விஷயம்தான். நான் அதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து கேட்டாள். நீல விளக்கு எரிந்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "அத யாருங்க தொட்டது? நான் யாரோ சின்னப் புள்ளைன்னு நெனச்சேன்" என்றாள். மேலே போய்ப் பார், செல்வி. யாரோ தொட்டுவிட்டார்கள் என்று எழுதியிருப்பேன். எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று உட்கார்ந்த பிறகும் என் கை அப்படித்தான் எழுதியது. அதை அடித்துத் திருத்தவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். உன் அப்பனை நீ சரியாகத் தெரிந்துகொள்ள அது இருக்கட்டும். தொட்டவன் நான். ஸ்டோரில் புடவை சரசரக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இவள் வந்துவிடப் போகிறாள், பெட்டி ஊமையாகிவிடும், பெரியவர் என்ன நினைப்பார் என்று பயந்துவிட்டேன். சம்பந்தியம்மா வெற்றிலைப் பெட்டியோடு நின்றுகொண்டிருக்கும்போது நான் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, முதுகுப் பக்கமாகக் கையை வைத்து, ஒரு பெயரைத் தொட்டேன். அது எந்தப் பாட்டு என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் திரும்பி உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இதை நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "பொறுமசாலி, வாயில்லாத பூச்சின்னு என்னைப் பத்தி எழுதிவெக்காதீங்க. எனக்கு அன்னைலேருந்து கோவம்தான். நீங்க ஒருநாளும் கேக்கல. அதயும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். பிறகு எழுந்து போய், "சிரம்பானுக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வேணாம். நீங்க வந்தா நீங்கதான் பேசுவீங்க" என்றாள். தனியாக அவள் பஸ் ஏறி எங்கும் போனதில்லை. நான் உட்கார வைத்துவிட்டு வருவதாகச் சொன்னதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். கடிதத்தைத் தபாலில் போட வேண்டாம், தானே கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

உன் மாமியாருக்கும் இதை வாசித்துக் காட்டு. தமிழ் அவருக்கு வராது, நீதான் ஒவ்வொரு வரியாக மலாயில் சொல்ல வேண்டும். அப்பா பாவம் என்று நினைத்து எதையும் மழுப்பாதே. அவர் கையேந்தி நின்ற இடத்தில் நான் முதுகுக்குப் பின்னால் செய்ததை நிச்சயம் சொல். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு நான் நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். பிரசவத்துக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை நீயும் உன் அம்மாவும் உன் மாமியாரும் பேசி முடிவு செய்யுங்கள். இங்கே வருவதானால் நான் கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டில் படுத்துக்கொள்ளவும் தயார்.

இன்னும் எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நான் எழுதிக்கொண்டே போனால் நீ வாசித்துக்கொண்டே இருப்பாய், அவள் உன் வாசலில் பையோடு நின்றுகொண்டே இருப்பாள். கடிதத்தைக் கீழே வை, அம்மா. அவளை உள்ளே கூப்பிடு.